பழைய பெர்ஃபார்மன்ஸ் இன்ஜின் பார்ட்ஸ் வாங்கலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு சிவாஜிநகர் சுமார் 90 கிலோமீட்டர். சென்னை புதுப்பேட்டை சுமார் 260. பழைய பார்ட்ஸுக்குப் பேர்போன இரண்டு சந்தைகளுக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். போதாக்குறைக்கு கூரியரிலும் வந்து இறங்குகிறது. ஆர்எக்ஸ் 100-க்கு போர்ட்டிங் செய்த (உள்ளே வாயு போய்வரும் துளைகளை அரைத்துப் பெரிதாக்கிய) சிலிண்டர் பிளாக், ஸ்விஃப்ட் டீசலுக்குப் பெரிய டர்போ, யாரோ கழற்றிப் போட்ட கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) என்று ஆளுக்கொன்று வாங்கி வந்து, வாங்கிய பிறகுதான் கேள்வி கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றுக்கு இங்கே பதில்.

ஒரே வரியில் சொல்லுங்கள், வாங்கலாமா கூடாதா?

எந்த பார்ட் என்று தெரியாமல் ஒரே வரி கிடையாது. இரண்டு விஷயத்தைப் பாருங்கள். இது உடைந்தால் இதோடு நிற்குமா, உள்ளே புகுந்து மற்றதையும் சேர்த்துக் கெடுக்குமா? இதன் தேய்மானத்தைக் காசு கொடுப்பதற்கு முன்பே அளந்துவிட முடியுமா? இதோடு நிற்கும், அளக்கவும் முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். உடைந்தால் இன்ஜினையே இழுத்துக்கொண்டு போகும், அளக்கவும் வழியில்லை என்றால் கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தலைவலி எல்லாம் நடுவில் நிற்பவைதான்: டர்போ, ஹெட், கிராங்க், டூ ஸ்ட்ரோக் பிளாக். கீழே நீளமாகப் பேசுவதும் அவற்றைப் பற்றித்தான்.

சாதாரண பழைய பார்ட்டையும்தான் காலங்காலமாக வாங்குகிறோம். இதில் மட்டும் என்ன புது பயம்?

ஒரு பழைய ஆல்டோ ஹெட் வாங்கினால் அது பெரும்பாலும் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓடிய வண்டியில் இருந்து வந்திருக்கும். பெர்ஃபார்மன்ஸ் பார்ட்டை வாங்கிப் போட்டவர் அதை எதற்காகப் போட்டார் என்று யோசியுங்கள். முறுக்கத்தான். அது கடைசி வரை இன்ஜின் சுற்றின் உச்சமான சிவப்புக் கோட்டிலேயே வாழ்ந்திருக்கும். தவிர, கம்பெனி பார்ட்டுக்கு சர்வீஸ் மேனுவலில் தேய்மான எல்லை அச்சாகியிருக்கும். யாரோ கையால் அரைத்த பிளாக்குக்கோ பெயர் தெரியாத கேமுக்கோ அந்த எல்லையை எங்கே போய்த் தேடுவது?

"ரேஸ் வண்டியில இருந்து எடுத்தது பாஸ்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ ஓடிய இன்ஜினை மணிக்கணக்கு வைத்துப் பிரித்து, ஆயுள் முடிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் போடுவார்கள். அப்படித் தூக்கிப் போட்டதுதான் உங்கள் கையில் இருக்கிறதோ என்னவோ. ரேஸ் என்ற சொல்லுக்கு விலை ஏறக் கூடாது, இறங்க வேண்டும்.

பயப்படாமல் வாங்கக்கூடியவை எவை?

சைலன்சர், எக்ஸ்பான்ஷன் சேம்பர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், ஆயில் கூலர், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி. இவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும்: வெல்டிங் விரிசல், துரு, ஒடுங்கல், கசிவு. மேனிஃபோல்டின் முகத்தை நேர்ப்பட்டி வைத்துப் பாருங்கள். இன்டர்கூலரை தண்ணீரில் அமுக்கிக் காற்று விட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. டர்போ உடைந்த வண்டியில் இருந்த இன்டர்கூலருக்குள் இரும்புத் துகள் தங்கியிருக்கும். நீங்கள் ஓட்டும்போது அது நேராக இன்ஜினுக்குள் போகும். ஆயில் கூலர் கதையும் அதேதான். இன்ஜின் ஜாம் ஆன வண்டியில் இருந்து வந்ததென்றால் எவ்வளவு கழுவினாலும் நம்ப வேண்டாம்.

தொடவே கூடாதவை?

கனெக்டிங் ராட் போல்ட், ஹெட் போல்ட், பேரிங், ரிங், ஆயில் சீல், கேஸ்கெட், டைமிங் பெல்ட், டைமிங் செயின். இதில் பேரமே கிடையாது. பல கார் இன்ஜின்களில் ராட் போல்ட் ஒரே ஒரு முறை முறுக்குவதற்கென்று செய்தது. இழுபட்ட போல்ட்டை மறுபடி முறுக்கினால் அது எப்போது அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. எடை குறைத்த ஃபிளைவீலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். லேத்தில் எவ்வளவு கடைந்தார்கள், எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்று தெரியாமல் அதைக் காலுக்குப் பக்கத்தில் ஆறாயிரம் சுற்றில் சுழலவிடுவது இன்ஜின் செலவோடு முடிகிற விஷயமில்லை.

ஸ்விஃப்ட் டீசலுக்கு 90 பிஎஸ் வண்டியின் டர்போ கிடைக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது?

விவரம் இதுதான்: ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர், 75 பிஎஸ் இன்ஜினில் சாதாரண டர்போ. எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் வந்த 90 பிஎஸ் இன்ஜினில் உள்ளே இதழ்கள் அசைகிற வகை டர்போ. பின்னதைக் கழற்றி முன்னதில் மாட்ட ஆசை. டர்போவை மட்டும் மாற்றினால் வேலை முடியாது, அந்த இதழ்களை அசைக்கும் கட்டுப்பாடும் ட்யூனிங்கும் கூடவே வர வேண்டும். அதை முதலில் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கையில் எடுத்துப் பார்ப்பது. டர்போ ஷாஃப்ட் ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தொடும். அந்த வேகத்தில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதனால் ஆயில் இல்லாமல் கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்து நல்ல டர்போவை வேண்டாம் என்றவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது முன்னும் பின்னும் வரும் ஆட்டம். ஷாஃப்டை நீளவாக்கில் இழுத்துத் தள்ளினால் கைக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் ஆட்டும்போது இறக்கை ஹவுசிங்கின் சுவரைத் தொட்டாலும் வேண்டாம்.

அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று உள்ளே வரும் பக்க இறக்கைகளின் முன்விளிம்பு பொடிப்பொடியாகக் கடிபட்டிருந்தால் ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டி. எக்ஸாஸ்ட் பக்கம் ஷாஃப்ட் நீலம் பாரித்திருந்தால் ஆயில் கிடைக்காமல் காய்ந்தது. இதழ் வகை டர்போவில் இதழ்களை அசைக்கும் லிவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். கரி அடைத்து இறுகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், சுத்தம் செய்யலாம். ஷாஃப்ட் ஆட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

எல்லாம் சரியாக இருந்தும் மாட்டிய சில நாளில் டர்போ போகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பழைய டர்போவின் மேல் இல்லை. உங்கள் வண்டியின் ஆயில் சப்ளை குழாயில் கரி படிந்திருக்கும். டர்போ மாற்றும்போது அந்தக் குழாயைப் புதிதாகப் போட வேண்டும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், சம்ப்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றி விட வேண்டும். இதைச் செய்ய நேரமில்லை என்கிற பட்டறையில் டர்போ வேலை கொடுக்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 100-க்கு போர்ட்டிங் செய்த பிளாக் வாங்கலாமா?

எங்கள் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வண்டியின் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. அதனால் நல்ல கம்பெனி பிளாக் ஒவ்வொன்றும் இன்று பொக்கிஷம். அதை எடுத்து அரைத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. போரை (சிலிண்டரின் உள்துளை) லேத்தில் சரி செய்யலாம், ரிங்கை மாற்றலாம். மேலே ஏற்றிய எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாய்) ஏறினது ஏறினதுதான்.

முதலில் போர். ஸ்டாண்டர்டு அளவு 50 மி.மீ. அதன் பிறகு 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் போகும். விற்பவர் "ஸ்டாண்டர்டு போர்" என்றால் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்கச் சொல்லுங்கள். கடைசி ஓவர்சைஸில் நிற்கும் பிளாக் என்றால் நீங்கள் வாங்குவது ஒரே ஒரு பிஸ்டனுக்கான ஆயுள். அதற்கு மேல் லைனர்தான் (உள்ளே செருகும் புது உறை) போட வேண்டும்.

அடுத்தது போர்ட். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை ஏற்றினால் சக்தி மேல் சுற்றுக்குப் போகும், கீழ்ச் சுற்றில் வண்டி சோர்ந்துவிடும். டிராக்கில் இது பரவாயில்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இருந்து பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்புபவருக்குத் தொல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து அகலம். ஒற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டின் நேர் அகலம் போர் அளவில் சுமார் 70 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 50 மி.மீ. போரில் 35-க்கு மேல் போனால், ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டும். மாட்டினால் ரிங் உடையும், துண்டு கிராங்க் கேஸுக்குள் விழும். பிளாக்கோடு போக வேண்டியது கிராங்க்கையும் சேர்த்துத் தின்றுவிடும். வெர்னியர் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகும்.

விளிம்புகளை விரலால் தடவுங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் ரீபோர் செய்தவர் விளிம்பை மழுக்காமல் விட்டிருக்கிறார். இதை மழுக்கிக்கொள்ளலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் (பெட்ரோல் கலவை மேலே ஏறும் வாய்கள்) ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கையால் அரைத்ததில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருப்பதுதான் வழக்கம். அப்படியிருந்தால் அரைத்தவருக்கு வேலை தெரியாது. அவர் வேறு எங்கெல்லாம் கை வைத்தாரோ.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே கணக்கை ஆர்15-க்குப் போடாதீர்கள். அதன் சிலிண்டர் அலுமினிய டயாசில் வகை, ரீபோர் கிடையாது. கேடிஎம் டியூக்கின் பூச்சுப் போட்ட சிலிண்டரையும் சாதாரண போரிங் கடையில் கொடுத்துக் கெடுக்காதீர்கள். அவற்றின் பழைய பிளாக்கில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் அது இரும்பு விலைதான்.

சாமுராய், ஷோகன் பைக் பார்ட்ஸ் ஓசூரில் நல்லதாகக் கிடைக்குமா?

டிவிஎஸ் சுசூகி காலத்தில் அவை ஓசூரில் செய்யப்பட்டவைதான். ஆனால் அந்தக் கூட்டணி 2001-லேயே முடிந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுபவர் உண்டு, பார்ட்டுக்கு ஊர் தெரியாது. பார்க்கும் முறை ஆர்எக்ஸுக்குச் சொன்னதுதான்.

பழைய கிராங்க், ராட்?

டூ ஸ்ட்ரோக் கிராங்க் செட்டில் ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் கொஞ்சம் நகரும், அது இயல்பு. மேலும் கீழும் இழுத்தால் துளியும் ஆட்டம் கூடாது. அப்புறம் லேத்தில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் கோணல் ஓட்டம் (ரன்அவுட்) பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. ஒரு முறை சீஸ் ஆனாலே (பிஸ்டன் பிடித்து நின்றாலே) முறுக்கிக்கொள்ளும். ராட் கிட் மாற்றி, மறுபடி நேராக்க நம் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். ஆகவே விலை அதற்குத் தகுந்தபடி இருந்தால் வாங்கலாம்.

கார் கிராங்க் என்றால் ஜர்னல்களை (பேரிங் உட்காரும் இடங்கள்) மைக்ரோமீட்டரில் அளந்து, எத்தனை அண்டர்சைஸ் அரைத்திருக்கிறது என்று பார்த்து, மேக்னாஃப்ளக்ஸ் விரிசல் சோதனையும் செய்ய வேண்டும். ஃபோர்ஜ்டு ராடுக்கும் அதே சோதனை. அதன் பெரிய துளை வட்டமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும், போல்ட் புதிது போட வேண்டும். விரிசல் விழும் முன்பே உலோகம் சோர்ந்திருக்கும், அது எந்தக் கருவியிலும் தெரியாது. அதனால் நான் பழைய ராடை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அலுமினிய ராட் என்றால் பேச்சே வேண்டாம்.

ஹெட், கேம்?

ஹெட்டில் நேர்ப்பட்டியும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பாருங்கள். பெரும்பாலான கார் அலுமினிய ஹெட்டுக்கு எல்லை 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். வளைந்தால் தேய்த்துச் சமன் செய்யலாம் என்பார்கள், உண்மைதான். ஏற்கெனவே எத்தனை முறை தேய்த்தார்கள் என்பதுதான் கேள்வி. ஹெட்டின் உயரத்தை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதிகம் தேய்த்த ஹெட்டில் கம்ப்ரஷன் ஏறும், வால்வு பிஸ்டனுக்கு நெருங்கி வரும். இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் மயிரிழை விரிசல் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தப்பும். அதற்குப் பிரஷர் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். "ஹெட்டை டெஸ்டுக்கு எடுத்துப் போகிறேன், சரியாக இருந்தால் மீதிக் காசு" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிறவர் நல்ல ஹெட் வைத்திருப்பவர்.

பழைய கேமை அதோடு ஓடிய ஃபாலோயர்களோடு (கேம் உரசித் தள்ளும் பாகங்கள்) சேர்த்து, எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வாங்குங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. தனி கேமை வாங்கி உங்கள் பழைய ஃபாலோயரில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கடித்துக்கொள்ளும். கேமின் லோப் (துருத்திய மேடு) முனையில் குழி இருந்தால் வேண்டாம்.

மிக்குனி, கெய்ஹின் கம்பெனி கார்ப் (கார்புரேட்டர்) பழையது. ஒரிஜினலா என்று எப்படித் தெரியும்?

எழுத்து மழுங்கியிருப்பது, வார்ப்பு சொரசொரப்பாக இருப்பது, ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) எண்ணே இல்லாதது ஆகியவை டூப்ளிகேட் அடையாளம். ஆனால் ஒரிஜினலே ஆனாலும் ஸ்லைடு தேய்ந்து லொடலொடவென்று ஆடினால் ஓரத்தில் காற்று புகுந்து கலவை மெலியும். டூ ஸ்ட்ரோக்கில் மெலிந்த கலவை என்றால் சீஸ். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண கார்ப், தேய்ந்த பெரிய கார்ப்பைவிட எவ்வளவோ மேல்.

பெங்களூரில் ட்யூன் செய்து நன்றாக ஓடிய செட்டப். அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம், ஜெட்டை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பெங்களூரும் ஓசூரும் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி, தருமபுரி என்று இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது. அங்கே சரியாக இருந்த கார்ப் கலவை இங்கே கொஞ்சம் மெலியும். நம் வெயில் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், மார்கழிக் காலையில் ஈடுகட்டாது. முதலில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாகப் போட்டு, பிளக் நிறம் பார்த்துக் குறைத்து வருவதே பாதுகாப்பு. இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, சென்சார் பார்த்துக்கொள்ளும்.

இசியூ, இன்ஜெக்டர்?

கார் இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) பல வண்டிகளில் சாவியோடு பூட்டப்பட்டிருக்கும், வாங்கி மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. டீசல் காமன் ரெயில் இன்ஜெக்டரை பெஞ்சில் டெஸ்ட் செய்த தாளோடு மட்டும் வாங்குங்கள். மேலே பொறித்திருக்கும் குறியீட்டை இசியூவில் ஏற்றவும் வேண்டும். தாள் இல்லையா, நகர்ந்துவிடுங்கள்.

திருட்டுப் பொருளாக இருந்தால்?

தனி கார்ப், தனி டர்போவில் கண்டுபிடிப்பது கஷ்டம். முழு இன்ஜின், ஆர்எக்ஸ் கிராங்க் கேஸ், கார் பிளாக் என்றால் எண் இருக்கும். அந்த எண்ணை அரைத்த தடம் தெரிந்தால் விலை கேட்கக்கூட நிற்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். சந்தை விலைக்குப் பாதியில் பில் இல்லாமல் வாங்கினால் "தெரியாது சார்" என்பது எடுபடாது. விற்றவரின் பழைய ஆர்சி நகல், பெயர் எழுதிய ரசீது, ஜிபேயில் பணம் என்ற மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

இன்ஜினையே மாற்றினால் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் என உங்கள் வண்டி எந்த அலுவலகத்தில் பதிவோ அங்கே அனுமதி வாங்கி, ஆர்சியில் புது எண் ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் வரலாம். இதைவிடப் பலர் யோசிக்காதது இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். தொப்பூர் கணவாய் வழியே தினமும் போகிறவர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

விலை சரியா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. புது பிஸ்டன் செட் 24,000, பழையது 10,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 14,000 என்று எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அளக்கக் கூலி, புது ரிங், பின் லாக் என்று 5,000 எடுங்கள். உண்மையான மிச்சம் 9,000. அது தோற்றால் போர், ஹெட், மறுபடி பிரித்துப் பூட்டும் கூலி எல்லாம் 40,000 ஆகும் என்றால், நான்கில் ஒரு முறை தோற்கும் பார்ட்டுக்கு உங்கள் ஆபத்தின் விலை 10,000. ஆக நஷ்டம். நன்றாக அளந்து வாங்கி, தோற்பதைப் பத்தில் ஒரு முறையாகக் குறைத்தால் 4,000, ஆக லாபம் 5,000. அளக்கும் கூலியை மிச்சம் பிடிப்பவர் லாபத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

மெக்கானிக் "வாங்கிட்டு வாங்கண்ணா, பார்த்துக்கலாம்" என்கிறார். நம்பலாமா?

அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் நீங்கள் கொண்டுவந்த பார்ட் உடைந்தால் கூலி மறுபடி யார் தருவது என்று பூட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முடிந்தால் வாங்கப் போகும்போதே அவரைக் கூட்டிப் போங்கள், அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். பூட்டிய பிறகு நடக்கும் சண்டையைவிட அது மலிவு.

பூட்டியாகிவிட்டது. முதலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஊருக்குப் பக்கத்திலேயே, வண்டி தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரத்தில். ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆறவிட்டு, கசிவு பார்த்து, முறுக்கு மறுபடி சரிபார்க்க வேண்டிய நட்டு எது என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய டூ ஸ்ட்ரோக்கை உடனே தருமபுரியில் இருந்து தொப்பூர் இறக்கத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மூடி கியரில் இறங்கும்போது சுற்று அதிகமாகவும் உள்ளே போகும் ஆயில் குறைவாகவும் இருக்கும், ஏறும்போது தப்பித்த பிஸ்டன் இறங்கும்போது பிடிக்கும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள், வேகத்தை பிரேக்கில் குறைத்துக்கொள்ளுங்கள்.